தவக்கலின் அடிப்பலகை

லாமு
11 மார்ச் 1974

அன்புள்ள ஷம்சா அக்காவுக்கு, தம்பி ஃபுமோவின் சலாம். உன் முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறதா, நவாலின் படிப்பு எப்படிப் போகிறது, மச்சான் சுகமா, எல்லாவற்றையும் அவளை எழுதச் சொல். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மரத்தூள் இருமல் மட்டும் உண்டு. அது இல்லாவிட்டால்தான் நான் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

துறைமுகத்துக்காரர்கள் வாயால் உனக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். தவக்கலை வாங்கிவிட்டேன். டிசம்பரில் மண்டா பாறைத்திட்டில் ஏறிய, மச்சான் நகுதாவாக ஓட்டிய கப்பல், மூன்று மாதமாக அங்கேயே ஓதம் ஏறினால் மூழ்குவதும் வற்றினால் தலைகாட்டுவதுமாகக் கிடந்தது. போன வாரம் பெருவோதத்தில் கரைக்கு இழுத்து வந்து, துண்டு துண்டாக ஏலம் விட்டார்கள். இடப்பக்கத்து விலா மரங்களும் அடிப்பலகைகளும் என் பங்குக்கு வந்தன.

உனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் மச்சானுக்கு முதலாளி கட்டித்தரும் புதுக் கப்பல் பரக்காவுக்குப் பன்னிரண்டு கப்பி உருளைகளும், கயிறு சுற்றும் முளைகளும், சுக்கானுக்கு ஒரு கைப்பிடியும் கடைந்து தரச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது வருஷம் உப்புத் தண்ணீரில் ஊறிய தேக்கு இனி எங்கே கிடைக்கும்? கடைசலில் ஏற்றினால் சீவல் அறாமல் சுருண்டு வருகிறது.

பட்டறைக்கு நாலு வீடு தள்ளித்தான் மயாசா இருக்கிறாள். தவக்கலில் சுக்கான் பிடித்த ஷெக்குவேயின் மனைவி. படகுத்துறையில் மஹம்ரி அப்பம் சுட்டு விற்கிறாள். இப்போது அவளிடம் வாங்குவோர் குறைவு. ஷெக்குவே சுக்கானை விட்டுவிட்டுக் கீழே போய்த் தூங்கினான், அதனால்தான் கப்பல் பாறையில் ஏறியது என்று மச்சான் சொன்னதுதான் ஊர் முழுதும் இருக்கிறது. அவன் உடல் கப்பலின் அடியறையில், இடுப்பில் கைலிகூட இல்லாமல் கிடந்தது அல்லவா? சௌகரியமாக அவிழ்த்துப் போட்டுப் படுத்திருக்கிறான் என்று சிரிக்கிறார்கள். அவள் காதிலும் விழுகிறது.

நவால், இதை உம்மாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டு.

உன் தம்பி,
ஃபுமோ


மொம்பாசா
24 மார்ச் 1974

என் தம்பி ஃபுமோவுக்கு ஷம்சா சொல்ல நவால் எழுதுவது. உனக்கும் உன் பட்டறைக்கும் சலாம். முழங்கால் அப்படியே இருக்கிறது. கீழ் வீட்டுக்காரி ஒரு எண்ணெய் கொடுத்தாள். நாற்றத்தில் வலி மறந்துபோகிறது.

தவக்கல் உன் கைக்கு வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. தெரியாதவன் அடுப்பில் எரிவதைவிட நீ கடைந்தால் நல்லதுதான். உன் மச்சானிடம் சொன்னேன். "எந்தப் பக்கத்துப் பலகை?" என்று கேட்டார். சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மறுபடி கேட்டார், "மேல்பலகையா, அடிப்பலகையா?" கடிதத்தை வாங்கித் தானே படித்துப் பார்த்தார். அந்த நாளைப் பற்றி அவர் வீட்டில் பேசுவதே இல்லை. நானும் கேட்பதில்லை. கப்பல் போனவருக்கு அது பிள்ளை போனதுபோலத்தான் இருக்கும்.

மயாசாவுக்கு ஏதாவது உதவி வேண்டுமானால் செய். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. தனியாக இருக்கிற ஆண்பிள்ளை காப்பியைக் குடித்தே காலம் தள்ளுகிறான் என்று எனக்குத் தெரியும்.

ஷம்சா

மாமா, இது நவால். இனி உங்கள் கடிதம் வந்தால் முதலில் தன்னிடம் கொடுக்க வேண்டும் என்று வாப்பா சொல்லியிருக்கிறார்.


லாமு
9 ஏப்ரல் 1974

அக்காவுக்கு சலாம். அந்த எண்ணெயோடு சூடு வைத்துப் பார். நான் சுகம். மழை இன்னும் இறங்கவில்லை. காற்று மட்டும் திரும்பிவிட்டது.

விலா மரங்களை அறுத்து முடித்தேன். முளைகள் எல்லாம் தயார். உருளைகளுக்குப் பலகைதான் வேண்டும், அந்தக் கனம் விலாவில் கிடைக்காது. அதனால் போன வாரம் அடிப்பலகைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். சிப்பியும் தாரும் ஒரு விரற்கடைக்கு மேல் படிந்திருந்தன.

அக்கா, மச்சானிடம் ஒன்று கேட்டுச் சொல். அடிக்கட்டைக்குப் பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்கு நன்றாகக் கீழே, தவக்கலில் எப்போதாவது தச்சு வேலை நடந்ததா? ஆணி ஏற்ற ஓட்டை போட்டுவிட்டு ஆணி ஏற்றாமல் விட்டார்களா? ஒரே பலகையில் கொஞ்ச இடைவெளியில் ஓட்டைகள் இருக்கின்றன. கடல் புழு குடைந்தால் வளைந்து வளைந்து போகும். இவை நேராக இருக்கின்றன. விளிம்பில், துளை போடும் துறப்பணத்தின் திருகுத் தடம் அப்படியே தெரிகிறது. உள்ளிருந்து வெளியே போட்டவை. வெளிப்பக்கத்தில்தான் மரம் பிய்ந்திருக்கிறது.

எனக்குத் தெரியாத பழைய வேலையாக இருக்கலாம். அதனால்தான் கேட்கிறேன்.

நேற்று மயாசா வந்து அடுப்புக்குச் சீவல் கேட்டாள். எப்போதும் கொடுப்பதுதான். அந்தக் குவியலிலிருந்து அள்ள எனக்குக் கை வரவில்லை. "ஈரமா இருக்கு, நாளைக்கு வா" என்றேன். "சீவல்ல கூட இப்ப எனக்குப் பங்கு இல்லையா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதில் எழுது. நவாலின் கையெழுத்தைப் பார்த்தால் எனக்கு நிம்மதி.

ஃபுமோ


மொம்பாசா
2 மே 1974

மைத்துனர் ஃபுமோவுக்கு நகுதா துவாஹா எழுதுவது. சலாம். வீட்டில் அனைவரும் இறைவன் அருளால் நலம். நவாலுக்குப் பரீட்சை நெருங்குவதால் இனி உன் அக்காவுக்காக நானே எழுதுவேன். கார்சென் பாதையில் வெள்ளம் என்று பேருந்து நின்றுவிட்டது. இது எப்போது உன்னிடம் வருமோ தெரியாது.

ஓட்டைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். நாற்பது வருஷக் கப்பலில் எத்தனை தச்சர்கள் கை வைத்திருப்பார்கள்? அதையெல்லாம் நினைவில் வைத்திருப்பது நகுதாவின் வேலை அல்ல. புழுவும் பல விதமாகத் துளைக்கும். நீ கரையில் வளர்ந்தவன்.

ஆள் இறந்த அறையின் பலகை அது. அதை வைத்துக்கொள்வதில் பரக்கத்து இல்லை. அடிப்பலகைகளை எரித்துவிடு. உருளைகளுக்கு வேறு மரம் நான் அனுப்பி வைக்கிறேன். பன்னிரண்டும் ஜூலை முடிவதற்குள் வர வேண்டும். ஆகஸ்டில் காற்று தணிந்ததும் பரக்கா கிளம்ப வேண்டும். பாயை ஏற்றக் கப்பி இல்லாமல் கப்பல் நகராது என்பது உனக்குத் தெரியும்.

மரத்தைப் பற்றி ஊரில் யாரிடமும் பேசி நேரத்தைப் போக்காதே. உன் அக்கா சலாம் சொன்னாள்.

துவாஹா


லாமு
20 மே 1974

அக்காவுக்கும் மச்சானுக்கும் சலாம். மழையில் பட்டறைக் கூரை ஒழுகுகிறது. கடைசலை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தியிருக்கிறேன். மற்றபடி சுகம். அக்காவின் முழங்கால் பற்றி மச்சான் எழுத மறந்துவிட்டார்.

மச்சான் அனுப்பிய மரம் வந்தது. நல்ல மரம்தான், ஆனால் பச்சை. இப்போது கடைந்தால் மூன்று மாதத்தில் உருளை கோணிக்கொள்ளும். பாதி ஏற்றிய பாய் நடுவில் சிக்கினால் கீழே நிற்பவன் தலை போய்விடும். அதனால் காயட்டும் என்று வைத்திருக்கிறேன். அடிப்பலகைகளை எரிக்கவில்லை. மழையில் எது எரிகிறது?

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை படகுத்துறையில் நின்றிருந்தேன். ஃபாஸாவிலிருந்து வந்த படகோட்டிகள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மயாசாவின் கூடையைப் பார்த்து, "இத தின்னா தூக்கம் வருமா, இல்ல கைலியும் சேந்து அவுருமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மயாசா கூடையை மூடினாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அவனைப் பார்த்து, "ஒங்க வாப்பாவ, பாத்தே தீவுக்கிட்ட அடிச்ச பொயல்ல மூணு நாளு கண்ணு மூடாம கரைக்குக் கொண்டுவந்தவரு யாருன்னு வீட்ல போய்க் கேளு. அன்னைக்கு அவரு தூங்கியிருந்தா நீ பொறந்திருக்க மாட்டே" என்றாள். சிரிப்பு நின்றது. ஆனால் மஹம்ரி யாரும் வாங்கவில்லை. நான் ஆறு வாங்கினேன். என்னிடம் காசை வாங்கும்போது, "நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதப் போவதில்லை.

அக்கா, இந்தக் கடிதத்தை முழுதாக உனக்கு வாசித்துக் காட்டினார்களா? வாசித்திருந்தால் பதிலில் கீழ் வீட்டுக்காரியின் பெயரை எழுதச் சொல். எனக்கு மறந்துவிட்டது.

ஃபுமோ


மொம்பாசா
15 ஜூன் 1974

ஃபுமோவுக்கு துவாஹா. சலாம். அனைவரும் நலம்.

உன் கடிதங்கள் உன் அக்காவின் மனதைக் கெடுக்கின்றன. அவள் என் வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக நிம்மதியாக இருக்கிறாள். அந்த நிம்மதி உன் கையிலும் இருக்கிறது என்பதை யோசித்துப் பார்.

பரக்காவுக்கு ஆள் சேர்த்துவிட்டேன். மயாசாவின் தம்பி கதீபையும் சேர்த்திருக்கிறேன். அந்தக் குடும்பத்தை நான் கைவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. முதலாளியும் சம்மதித்தார். இந்தத் தடவை சரக்கு நிறைய. தூரமும் அதிகம்.

இன்னொரு கடைசல்காரரைத் தேட எனக்கு ஒரு நாள் போதும். உறவு என்பதால் தேடவில்லை. பன்னிரண்டு உருளைகளையும் முடித்து அனுப்பு. எரிக்கச் சொன்னதை எரி.

துவாஹா


லாமு
3 ஜூலை 1974

நகுதா துவாஹா மச்சானுக்கு, ஃபுமோவின் சலாம். இந்தத் தடவை அக்காவுக்கு அல்ல, உங்களுக்கே எழுதுகிறேன். அவளைப் பற்றி விசாரிக்கவும் இல்லை. எழுதினாலும் அவளுக்குப் போய்ச் சேருவதில்லை.

பதினோரு உருளைகள் தயாராகி என் அலமாரியில் இருக்கின்றன. அவை இங்கேயே இருக்கட்டும். பன்னிரண்டாவதை மட்டும் இந்தக் கடிதம் கொண்டுவரும் படகுக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். பாய்மர உச்சிக் கப்பிக்கு உரியது. தவக்கலின் அடிப்பலகைதான். விளிம்பில் கயிறு ஓடும் பள்ளம் சரியாக இருக்கிறதா, கனம் சரியா என்று கையில் எடுத்துப் பாருங்கள். இத்தனை வருஷத்தில் நான் கடைந்தவற்றில் இதைப்போல் வழவழப்பாக ஒன்று வந்ததில்லை.

அச்சு போகிற நடு ஓட்டையை நான் போடவில்லை. அது பலகையிலேயே இருந்தது. அதை நடுவாக வைத்துத்தான் சுற்றிலும் வெட்டினேன்.

கதீப் உங்கள் கப்பலில் ஏறுவதற்கு முன் எனக்குப் பதில் வேண்டும்.

ஃபுமோ


மொம்பாசா
5 ஆகஸ்டு 1974

ஃபுமோ மாமாவுக்கு நவாலின் சலாம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று தொழுகையில் கேட்கிறேன். இதைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதச் சொல்லி உம்மா சொல்லவில்லை.

மாமா, நீங்கள் வாப்பாவுக்கு அனுப்பிய அந்த மரச் சக்கரம் என்ன? அது வந்த நாளிலிருந்து வீடு வீடாக இல்லை. முதலில் அதை மேசையில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு ஓட்டையில் விரலை விட்டபடியே உட்கார்ந்திருந்தார். உம்மா சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டார். வரவில்லை. "கப்பி நல்லாத்தானே இருக்கு, என்ன கொற?" என்று உம்மா கேட்டார். "கொற ஒண்ணுமில்ல" என்றார்.

மூன்று வாரமாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார். பையே கிழிந்துவிட்டது. முதலாளி வீட்டு ஆள் இரண்டு தடவை வந்து கப்பி எங்கே என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். இரண்டாவது தடவை வாப்பா அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார். இப்படி நான் பார்த்ததே இல்லை.

இன்று காலை லாமுவுக்குப் பேருந்து ஏறிவிட்டார். துணிப்பை எடுக்கவில்லை. கப்பல் பெட்டியிலிருந்த கைக்கோடாரியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டார். உம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கதவை மூடிய பிறகு என்னிடம், "உன் மாமா பட்டறையில தனியாத்தான் இருப்பானா?" என்றார்.

இந்தக் கடிதமும் நாளைப் பேருந்தில்தான் வரும். வாப்பா அதற்கு முன் வந்துவிடுவார். அது தெரிந்தும் எழுதுகிறேன்.

நவால்


லாமு
16 ஆகஸ்டு 1974

அக்கா, சலாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மச்சான் உயிரோடு இருக்கிறார். நானும் இருக்கிறேன். யார் மேலும் ஒரு கீறல் இல்லை. நவால், இதை ஒரு வரி விடாமல் உம்மாவுக்கு வாசி.

அவர் வந்தபோது அஸர் தொழுகை முடிந்திருந்தது. நான் கடைசலில் இருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. கோடாரியைப் பார்த்தேன். காலை மிதியிலிருந்து எடுக்கவில்லை.

"எங்க அது?" என்றார்.

"எது மச்சான்?"

"வெளையாடாத. பலகை."

"மூலையில சாத்தி வச்சிருக்கேன். ஒங்களுக்காகத்தான் வச்சிருக்கேன்."

அதைத் தரதரவென்று வெளிச்சத்துக்கு இழுத்தார். நான் உருளை வெட்டியெடுத்த இடம் வட்டமாகக் காலியாக இருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி இரண்டாவது ஓட்டை. ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். நாற்பது வருஷத் தேக்கு, அவ்வளவு சீக்கிரம் பிளக்குமா? இன்னொரு வெட்டு. கோடாரி மாட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கக் குனிந்தவர் பலகையின் அந்த முனையைப் பார்த்தார்.

"இது என்னது? இதுல ஆப்பு அடிச்சிருக்கு."

"நீங்க அடிச்சதா?"

"நான் ஏன் அடிக்கிறேன்? நான் போட்டது..."

அங்கே நின்றுவிட்டார். அந்தச் சொல்லைக் கேட்கத்தான் அக்கா, நான் நாலு மாதம் காத்திருந்தேன். கேட்டபோது எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

நான் உனக்கு எழுதாமல் விட்டது இதுதான். ஓட்டைகள் மூன்று. மூன்றாவது ஓட்டை அடைபட்டிருந்தது. ஏப்ரலிலேயே பார்த்தேன். துணியைத் திணித்து, கயிறு முளை ஒன்றை உடைத்து ஆப்பாக இறுக்கியிருந்தது. பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து வேலை நன்றாகத் தெரிந்தவன் கை. மூன்று மாதம் அலை அடித்தும் அசையவில்லை. நானும் அதை எடுக்கவில்லை.

மச்சான் கோடாரியை விட்டுவிட்டு ஆப்பை நகத்தால் நெம்பினார். முடியவில்லை. என் உளியைக் கொடுத்தேன். துணி ஒரு சாண் வெளியே வந்தது. நீலக் கட்டம், சிவப்புக் கரை.

"இது ஷெக்குவேயோட கைலி" என்றார்.

"ஆமா."

துணியை முழுதாக வெளியே இழுத்தார். பிறகு, "அப்ப அவன் தூங்கலியா?" என்று என்னிடம் கேட்டார்.

அக்கா, அவர் அதுவரை அவன் தூங்கினான் என்றே நம்பியிருக்கிறார். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கப்பலை மூழ்கடித்துவிட்டால் காப்பீட்டில் புதுக் கப்பல் வரும், அதற்கு நீதான் நகுதா என்று முதலாளி சொல்லியிருக்கிறார். எல்லோரும் மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவர் கீழே போய் ஓட்டை போட்டிருக்கிறார். பாறையில் தட்டிவிட்டது, படகில் இறங்குங்கள் என்று கத்தியிருக்கிறார். மற்ற இருவரும் இறங்கிவிட்டார்கள். ஷெக்குவே மட்டும் வரவில்லை.

"மூணு தடவ கூப்பிட்டேன், ஃபுமோ. சத்தமே இல்ல. சுக்கான விட்டுட்டுப் படுத்துட்டான்னு நெனச்சேன். ஆழத்துல போயிருக்க வேண்டிய கப்பல். நீரோட்டம் இழுத்துட்டு வந்து ஊருக்கு முன்னாடியே போட்டுருச்சு."

பாறையில் தட்டவில்லை என்பது சுக்கானைப் பிடித்திருந்தவனுக்குத் தெரியாதா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் இறங்கியிருக்கிறான். ஒன்றை அடைத்துவிட்டான். அடுத்ததற்குள் கப்பல் சாய்ந்திருக்கும்.

நான் மச்சானிடம் எங்கேயும் போகச் சொல்லவில்லை. போலீசுக்கு நானே எப்போதோ போயிருக்கலாம். உன்னை நினைத்துப் போகவில்லை. மயாசாவிடம் சொல்லியிருக்கலாம். அதற்குத் தைரியம் வரவில்லை. அவள் ஏச்சு வாங்கிய ஒவ்வொரு நாளும் அந்தத் துணி என் பட்டறையில் இருந்தது.

அவர் துணியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கோடாரி பலகையிலேயே நின்றது. நாலு வீடு நடந்தார். நான் பின்னால் போய்ச் சந்துத் திருப்பத்தில் நின்றேன். மயாசா வாசலில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார். அவள் கையில் மாவோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன ஓட்ட?" என்று கேட்டாள்.

"மூணு."

"அவரு எத்தன அடச்சாரு?"

"ஒண்ணு."

துணியை வாங்கிக்கொண்டாள். "இத ஊர்ல போய்ச் சொல்லுங்க. எங்கிட்ட சொல்ல என்ன இருக்கு? அவரு தூங்கலன்னு எனக்குத் தெரியுமே" என்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுதது எனக்குத் தெருவரை கேட்டது. என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு மச்சான் பள்ளிவாசலில் எழுந்து நின்று சொன்னார். முதலாளியின் பெயரையும் சொன்னார். அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்கு நடந்தார். இப்போது அங்கேதான் இருக்கிறார். கதீப் ஊரிலேயே இருக்கிறான்.

என்னை நீ என்ன சொன்னாலும் சரி. பதில் மட்டும் எழுது.

ஃபுமோ


மொம்பாசா
29 ஆகஸ்டு 1974

ஃபுமோவுக்கு ஷம்சா சொல்ல நவால் எழுதுவது. சலாம். என் உடம்பைப் பற்றி இன்று கேட்காதே. கீழ் வீட்டுக்காரியின் பெயர் திமா. நீ மே மாதம் கேட்டிருந்தாயாம். பழைய கடிதங்களையெல்லாம் நவால் உன் மச்சானின் பெட்டியிலிருந்து எடுத்து நேற்றுத்தான் எனக்கு வாசித்தாள்.

திமாவும் இப்போது மேலே வருவதில்லை. யாரும் வருவதில்லை. முதலாளி ஊரில் இல்லை என்கிறார்கள். அவருடைய ஆட்கள் தெருமுனையில் நின்று எங்கள் வாசலைப் பார்க்கிறார்கள். நவால் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறாள். போகாதே என்றேன், கேட்கவில்லை.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிசம்பரில் அவர் கப்பலை இழந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, துணிப்பெட்டியும் அவரோடு வந்தது. திறந்தேன். எல்லாம் மடித்தது மடித்தபடி இருந்தது. ஒரு சட்டையையாவது நான் வெயிலில் காயப்போட வேண்டியிருக்கவில்லை. கப்பல் உடைந்து தப்பி வந்தவனின் பெட்டி எப்படி நனையாமல் இருக்கும் என்று அப்போதே கேட்டேன். வாயால் இல்லை. பெட்டியை மூடிவிட்டு மீன் கழுவப் போய்விட்டேன். எட்டு மாதம் கழுவிக்கொண்டிருந்தேன். நீ மட்டும் மறைத்தாய் என்று நினைக்காதே.

மயாசாவுக்கு என் சலாமைச் சொல்லாதே. அதைச் சொல்ல எனக்கு முகம் இல்லை. ஒரு நாள் நானே வருவேன். அன்றைக்கு அவள் கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் உட்காருவேன்.

உனக்கு நன்றி சொல்வதா, உன்னைத் திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நவாலிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது எழுதுகிறேன். அதுவரை அவருக்குச் சோறு கொண்டுபோகிற வேலை உன்னுடையது. காலையில் கஞ்சி, மதியம் தேங்காய்ச் சோறும் மீனும். மீனில் புளி குறைவாக இருக்கட்டும், அவருக்கு வயிறு எரியும். ஒரு நாளும் தவறாதே.

கொண்டுபோகும்போது ஒன்றைக் கேட்டு எழுது. ஓட்டை மூன்று என்பதை நீ கண்ணால் பார்த்தாய். மூன்று தடவை கூப்பிட்டேன் என்கிறாரே, அதை யார் பார்த்தார்கள்? படகில் இருந்த இருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவரைத் தெரியும். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இரு. முடித்துத் தண்ணீர் குடித்த பிறகு, ஷம்சா கேட்கிறாள் என்று சொல்லிக் கேள். கூப்பிட்டாரா?

ஷம்சா